சூரிய மின்சாரத்தின் விலை வட்டியில் இருக்கிறது

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி பக்கம் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் வறண்ட பூமி அது. சுமார் 2,500 ஏக்கர், ஏறக்குறைய 4,550 கோடி ரூபாய், எட்டே மாத வேலை. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலாருக்கு வைத்திருந்த கொள்முதல் விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு.

எட்டு மாதம் கழித்து, 2017 மே மாதம், ராஜஸ்தானில் பட்லா சோலார் பூங்காவுக்கு ஏலம் நடந்தது. விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் நடத்திய ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு.

பேனல் விலை அந்த வருடங்களில் மளமளவென்று சரிந்தது உண்மை. கமுதியில் அரசு நிர்ணயித்த விலை, பட்லாவில் ஏலத்தில் போட்டி போட்டு இறங்கிய விலை. தார் பாலைவனத்தில் வெயில் கொஞ்சம் கூடுதல். இத்தனையையும் கணக்கில் எடுத்த பிறகும் ஒரு மாநிலத்து ஏலத்துக்கும் இன்னொரு மாநிலத்து ஏலத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி தங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்குக் காரணம் கடன். யார் கடன் கொடுத்தார்கள், எத்தனை வருடத்துக்கு, என்ன வட்டிக்கு, எதை நம்பி? நிலக்கரியை நம்பியே வாழும் ஒரு நாட்டில் சோலாருக்குப் பணம் திரட்டுவது ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது.

ஒரு மெகாவாட் கணக்கு

பேப்பரை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு மெகாவாட் சோலார் போட 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் உள்ள இடத்தில் அது வருடத்துக்குச் சுமார் 19 லட்சத்து 27 ஆயிரம் யூனிட் கொடுக்கும். பணம் முழுக்கக் கடன், 20 வருடத்தில் சமமான தவணையில் அடைக்க வேண்டும் என்று எளிமையாக்கிக்கொள்வோம்.

வட்டி 6 சதவீதம் என்றால் வருடத் தவணை ஏறக்குறைய 35 லட்சம். யூனிட்டுக்கு 1 ரூபாய் 81 காசு. வட்டி 10 சதவீதம் என்றால் தவணை 47 லட்சம், யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசு. 13 சதவீதம் என்றால் 57 லட்சத்தைத் தொடும், யூனிட்டுக்கு 2 ரூபாய் 95 காசு. பேனல் அதே பேனல், வெயில் அதே வெயில், நிலமும் அதேதான். வட்டி மட்டும் மாறியதில் மின்சாரத்தின் விலை 1 ரூபாய் 14 காசு ஏறிவிட்டது.

இதே சோதனையை அனல்மின் நிலையத்தில் செய்தால் இவ்வளவு தூரம் ஆடாது. ஏனென்றால் அங்கே செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அது மாதா மாதம் வாங்கி எரித்துத் தீர்க்கும் செலவு. சோலாரில் 25 வருடத்துக்கான செலவு முழுவதையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் பேனலைத் தூசி தட்டிக் கழுவுவதும் காவல் போடுவதும் பழுது பார்ப்பதும்தான். வீடு கட்டுவதற்கும் வாடகைக்கு இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. வீடு கட்டுகிறவருக்கு வங்கி வட்டி அரை சதவீதம் ஏறினாலும் தூக்கம் போய்விடும்.

பணத்தின் விலையை எது தீர்மானிக்கிறது? ரிசர்வ் வங்கி வைக்கும் வட்டி விகிதம் ஒரு பாதி. மறுபாதி, கடன் கொடுப்பவரின் மனதில் உள்ள பயம். சோலார் திட்டத்தில் அந்தப் பயம் பெரும்பாலும் ஒரே ஒருவரைப் பற்றியது: மின்சாரத்தை வாங்கப் போகிறவர்.

வாங்குகிறவர் யார்

இந்தியாவில் பெரிய அளவில் மின்சாரம் வாங்குகிறவர்கள் மாநில விநியோக நிறுவனங்கள். காகிதத்தில் பல பெயர்களில் பிரித்திருக்கிறார்கள். பேச்சு வழக்கில் எல்லாம் மின்வாரியம்தான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நஷ்டம், வரவேண்டிய மானியம் வருவதில் தாமதம், கம்பியில் இழப்பு, கடன் மேல் கடன் என்று பல வாரியங்கள் வருடக்கணக்காகத் தத்தளிக்கின்றன. மின் உற்பத்தியாளர்களுக்கு அவை பாக்கி வைத்திருந்த தொகை 2022 ஜூன் தொடக்கத்தில் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் கோடி ரூபாய்.

இதை ஒரு வங்கி அதிகாரியின் மேஜையிலிருந்து பாருங்கள். திட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. நிலம் கையில் இருக்கிறது, பேனல் வந்து இறங்கிவிட்டது, வெயிலைப் பற்றிய இருபது வருடத் தரவும் இருக்கிறது. ஆனால் தவணைக்கு வரவேண்டிய பணம் முழுக்க ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும், அந்த வாடிக்கையாளர் ஏற்கெனவே ஊரெல்லாம் கடன்காரர். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பில் நிலுவையில் நின்றால் தவணை கட்ட வழி கிடையாது. அந்த அதிகாரி வட்டியைக் கூட்டித்தான் எழுதுவார். அல்லது கோப்பைத் திருப்பி அனுப்புவார். நேரத்துக்குப் பணம் தருவதாகப் பெயர் எடுத்த குஜராத் மின்வாரியத்துக்கு ஏலத்தில் குறைந்த விலை வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பணம் ஒழுங்காகக் கொடுக்கும் பழக்கம் அந்த மாநிலத்து மக்களுக்கு யூனிட்டுக்கு இத்தனை காசு என்று திரும்பக் கிடைக்கிறது.

இந்தப் பயத்துக்கு மருந்து தேடியதுதான் இந்தியாவின் சோலார் நிதிக் கதை முழுவதும் என்று சொல்வேன். 2011-இல் மத்திய அரசு எஸ்.இ.சி.ஐ. என்ற இந்திய சூரிய ஆற்றல் கழகத்தை ஆரம்பித்தது. ஏலத்தை அது நடத்தும். உற்பத்தியாளரிடம் அது வாங்கி, யூனிட்டுக்கு 7 காசு இடைத்தரகு வைத்து, மாநிலங்களுக்கு விற்கும். உற்பத்தியாளர் ஒப்பந்தம் போடுவது மத்திய அரசு நிறுவனத்தோடு. மாநிலம் பணம் தராமல் இழுத்தடித்தால், மத்திய அரசு, ரிசர்வ் வங்கி, மாநில அரசு மூவரும் போட்டுக்கொண்ட முத்தரப்பு ஒப்பந்தப்படி, ரிசர்வ் வங்கியில் இருக்கும் மாநிலத்தின் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ள வழி உண்டு. இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதற்காகவே வங்கிகள் வட்டியைக் குறைத்தன.

ரீவாவில் என்ன செய்தார்கள்

என்னைக் கேட்டால், இந்தியாவில் சோலார் நிதி பற்றிப் படிக்க வேண்டிய முதல் பாடம் மத்தியப் பிரதேசத்தின் ரீவா. 750 மெகாவாட், 250 வீதம் மூன்று பகுதி. எஸ்.இ.சி.ஐ.யும் மாநில அரசின் ஊர்ஜா விகாஸ் நிகமும் சேர்ந்து ஒரு தனி நிறுவனம் தொடங்கின. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. ஆலோசகராக இருந்தது. 2017 பிப்ரவரி 9-ஆம் தேதி காலை தொடங்கிய மின்னணு ஏலம் 33 மணி நேரம் நடந்தது. ஒரு காசு, அரைக் காசு என்று இறங்கிக்கொண்டே போனார்கள். முதல் வருட விலை 2 ரூபாய் 97 காசு என்ற அளவில் நின்றது. 15 வருடத்துக்கு வருடம் 5 காசு ஏற்றம் சேர்த்து 25 வருடச் சராசரியாகப் பார்த்தால் சுமார் 3 ரூபாய் 30 காசு. அதற்கு ஒரு வருடம் முன்பு நாட்டின் மிகக் குறைந்த விலையே 4 ரூபாய் 34 காசாக இருந்தது. ரீவாவில் மின்சார விலையை இறக்குவதற்கென்று அரசு மானியம் எதுவும் தரவில்லை.

எப்படி இறங்கியது? பணம் வராமல் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். மின்வாரியம் மாதம் பில் கட்டவில்லையா, வங்கியில் வைத்திருக்கும் எல்.சி.யிலிருந்து (வாரியம் கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற உறுதிக் கடிதம்) எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தீர்ந்ததா, தனியாக ஒதுக்கி வைத்த பாதுகாப்பு நிதி இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் மாநில அரசின் உத்தரவாதம். இது மூன்றடுக்குக் காவல். அடுத்தது, மின்கடத்திப் பாதை தயாராகாமல் உற்பத்தி வீணானால், ஓடியதாகக் கணக்கு வைத்து ஈடு கொடுப்பார்கள். நிலத்தை அரசே எடுத்துச் சமன் செய்து கையில் கொடுத்தது. பூங்காவின் உள்கட்டமைப்புக்கு உலக வங்கிக் கடன் வந்தது. வாங்குகிறவரிலும் ஒரு புத்திசாலித்தனம்: ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மின்சாரத்தை டெல்லி மெட்ரோ வாங்கிக்கொண்டது. டிக்கெட் பணம் தினமும் கையில் புரளும் வாடிக்கையாளர் அது.

ரீவா ஒப்பந்தத்தின் பக்கங்களைப் புரட்டினால் சூரியனைப் பற்றி அதிகம் இருக்காது. பணம் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். சூரிய மின்சாரத்தை மலிவாக்கியது அந்தப் பக்கங்கள்தான்.

நிலத்திலும் இப்படி ஒரு யோசனை கர்நாடகத்தின் பாவகடாவில் நடந்தது. தும்கூர் மாவட்டத்தில் மழை பொய்த்துப் போன ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை அரசு விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் ஏற்றம். முதல் நாள் முடக்க வேண்டிய பணம் குறைந்தது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. 2,050 மெகாவாட் அங்கே எழுந்தது. நிலமே இல்லாத கூலியாட்களுக்கு இந்தக் குத்தகைப் பணத்தில் பங்கு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பாவகடாவைப் பேச வேண்டும்.

கையெழுத்தின் மதிப்பு

நம்பிக்கையைக் கட்ட வருடக்கணக்கு ஆகிறது. 2019-இல் ஆந்திராவில் ஆட்சி மாறியது. புது அரசு ஜூலை மாதமே ஒரு குழு போட்டு, முந்தைய அரசு காற்றாலை, சோலார் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்த விலைகள் அதிகம், மறுபேச்சு வேண்டும் என்றது. விலை அதிகம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய புது ஏல விலைகளோடு வைத்துப் பார்த்தால் பழைய ஒப்பந்தங்கள் எல்லாமே விலை கூடித்தான் தெரியும். ஆனால் 25 வருட ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போட்டதை ஒரு தேர்தல் முடிவு புரட்டிவிடும் என்றால், அதை நம்பிக் கடன் கொடுத்தவர் என்ன நினைப்பார்? வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலமாக சோலாருக்கு 2 ரூபாய் 44 காசு மட்டும் கொடுத்தால் போதும் என்று உத்தரவு வந்தது. ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வர 2022 மார்ச் ஆகிவிட்டது. அந்த இரண்டரை வருடமும் தவணை நிற்காது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. சோலார் மின்சாரத்தை எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கட்டமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் நிறுத்தச் சொல்லலாம். இங்கே அந்தக் காரணம் இல்லாமலே நிறுத்தச் சொன்னார்கள் என்று உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்று, வீணான யூனிட்டுகளுக்கு ஈடு கொடுக்கச் சொன்னது. 7 ரூபாய் 1 காசு என்ற பழைய விலையை நினைத்தால் வாரியம் ஏன் கையைச் சுருக்கியது என்பதும் புரிகிறது. முதலில் இறங்கியவர் அதிக விலைக்கு 25 வருடம் கட்டுண்டு கிடக்க, காத்திருந்தவர் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்குகிறார். இந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த வாரியமும் சீக்கிரம் கையெழுத்துப் போடத் தயங்கும்.

பாக்கி விஷயத்தில் கடைசியில் வேலை செய்தது கண்டிப்பு. 2022 ஜூனில் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணையில் அடைக்க வேண்டும், புது பில்லை நேரத்தில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மின்சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களின் வாரியங்களைச் சந்தையிலிருந்து நிறுத்தியும் வைத்தார்கள். சில நாளில் பணம் வரத் தொடங்கியது. பாக்கி மளமளவென்று குறைந்தது. சோலார் நிறுவனங்களுக்கு இந்த ஒரு விதி செய்த நன்மையை எந்த மானியமும் செய்யவில்லை.

நிலக்கரி கொடுத்த கடனும் காசும்

சரி, வாங்குகிறவரைப் பார்த்தாயிற்று. கடன் கொடுப்பவரிடம் போகலாம்.

2000-களின் பிற்பாதியில் தனியார் அனல்மின் நிலையங்களுக்கு வங்கிகள் அள்ளிக் கொடுத்தன. நிலக்கரி ஒதுக்கீடு வரவில்லை, வாங்க ஆள் கிடைக்கவில்லை, பாதி கட்டி நின்றவையும் உண்டு. 2018-இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 34 அனல்மின் திட்டங்களைச் சிக்கலில் உள்ளவை என்று பட்டியல் போட்டது. 40,000 மெகாவாட்டுக்கு மேல், கடன் சுமார் 1 லட்சத்து 74 ஆயிரம் கோடி. இதன் சூடு சோலாருக்கும் பட்டது. வங்கிகள் ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவுதான் கடன் என்று வரம்பு வைத்திருக்கும். சோலாரும் அனல்மின்னும் 'மின்துறை' என்ற ஒரே கணக்கில் வரும். அண்ணன் வாங்கிய கடனில் குடும்பத்தின் பேர் கெட்டுப் போனால் தம்பிக்கு யார் கொடுப்பார்கள்?

போதாததற்கு, வங்கியிடம் உள்ள பணம் ஒரு வருடம், மூன்று வருட டெபாசிட். சோலாருக்குத் தேவை 18, 20 வருடக் கடன். இந்த இடத்தை நிரப்பியது பி.எஃப்.சி., ஆர்.இ.சி., இரெடா போன்ற அரசு நிதி நிறுவனங்கள். முதல் இரண்டும் அனல்மின் நிலையங்களுக்கும் நிறையக் கடன் கொடுத்து வளர்ந்தவை. இரெடா மட்டும் 1987-இலிருந்தே மாற்று எரிசக்திக்காக இருக்கிறது.

வெளிநாட்டில் வட்டி குறைவு, அங்கே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மின்வாரியம் கொடுப்பது ரூபாய், கடன் இருப்பது டாலரில். 2010-இல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2025-இல் 85-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒரு கோடி டாலர் வாங்கியவருக்கு அது 45 கோடி ரூபாய்க் கடன். அடைக்காமல் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபாய் வேண்டும். இந்த அபாயத்துக்குக் காப்பு எடுக்கலாம். அதற்கு ஆகும் செலவைச் சேர்த்தால் வெளிநாட்டு வட்டியின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால் வெளிநாட்டுப் பணம் கட்டுமான காலத்துக்கு வராமல், பெரும்பாலும் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு வருகிறது. கனடா ஓய்வூதிய நிதியும் சிங்கப்பூர், அபுதாபி அரசு நிதிகளும் இந்திய நிறுவனங்களில் பங்கு வாங்கியிருக்கின்றன. மத்திய அரசே 2023 ஜனவரி, பிப்ரவரியில் 16,000 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்டது.

நிலக்கரியை வில்லனாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது. 2010-இல் தேசிய சோலார் திட்டம் ஆரம்பித்தபோது ஏல விலை சராசரியாக 12 ரூபாய். அந்த விலைக்கு எந்த வாரியமும் வாங்காது. ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யின் அனல்மின் நிலையங்களில் யாருக்கும் ஒதுக்காமல் இருந்த மின்சாரத்தை சோலாரோடு சேர்த்துக் கட்டி விற்றார்கள். ஒரு மெகாவாட் சோலாருக்கு ஒரு மெகாவாட் அனல்மின். அனல்மின் இரவும் பகலும் ஓடும் என்பதால் ஒரு யூனிட் சோலாரோடு ஏறக்குறைய நான்கு யூனிட் நிலக்கரி மின்சாரம் சேரும். 12 ரூபாய் யூனிட் ஒன்று, இரண்டரை ரூபாய் யூனிட் நான்கு என்று வைத்தால் மொத்தம் 22 ரூபாய், சராசரி 4 ரூபாய் 40 காசு. வாரியம் வாங்கியது. சோலார் நடக்கப் பழகியது நிலக்கரியின் கையைப் பிடித்துத்தான்.

அதே வருடம் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டார்கள். 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. சொன்ன நோக்கம் மாற்று எரிசக்திக்கு நிதி. 2017-18 வரை வசூலான 86,440 கோடியில் அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடிதான். ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த வரி மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் எடுக்கப்பட்டு, நிலக்கரியின் ஜி.எஸ்.டி. 5-இலிருந்து 18 சதவீதம் ஆனது. குறைந்த வட்டிக் கடனுக்கு இதைவிட நல்ல முதல் இந்த நாட்டில் அமையவில்லை. அந்தப் பணத்தை நழுவவிட்டது பெரிய தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

நெய்வேலியையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியை வெட்டியே வளர்ந்த என்.எல்.சி., 2017 தமிழ்நாடு ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 47 காசுக்கு 709 மெகாவாட் சோலார் எடுத்தது. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று தென் மாவட்டங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. அந்த 3 ரூபாய் 47 காசு கமுதி விலையில் சரிபாதி. அரசு நிறுவனம், நல்ல தரமதிப்பீடு, அதனால் குறைந்த வட்டி. என்.டி.பி.சி.யும் இதே வழியில்தான் போகிறது. 2024 நவம்பரில் அதன் பசுமை நிறுவனம் பங்குச் சந்தையில் 10,000 கோடி திரட்டியது. அனல்மின் வருமானம் கொடுத்த பேர்தான் அங்கே மலிவுப் பணம் ஆகிறது.

இப்போது மாட்டியிருக்கும் இடம்

2025 ஜனவரியில் இந்தியாவின் சோலார் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அந்த வருட நடுவில் நாட்டின் மொத்த மின்திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாததாகிவிட்டது. ஆனால் யூனிட் கணக்கில் பார்த்தால் இன்றும் ஏறக்குறைய பத்தில் ஏழு யூனிட் நிலக்கரி. இன்னொரு பக்கம், 40,000 மெகாவாட்டுக்கும் மேல் ஏலம் முடிந்தும் வாங்க எந்த மாநிலமும் கையெழுத்திடாமல் கிடந்தது. விலை 2 ரூபாய் 50 காசு சுற்றளவில் இருந்தும் ஏன் வாங்கவில்லை?

ஒரு காரணம், அடுத்த ஏலத்தில் இன்னும் குறையும் என்ற காத்திருப்பு. இன்னொன்று, மதியம் மின்சாரம் வழிகிறது, விளக்கு போடும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. இதற்கு பேட்டரி பதில் சொல்லத் தொடங்கிவிட்டது: 2024 டிசம்பரில் எஸ்.இ.சி.ஐ. நடத்திய ஏலத்தில் 2,000 மெகாவாட் சோலாரும், அதோடு 1,000 மெகாவாட்டை நான்கு மணி நேரம் கொடுக்கும் பேட்டரியும் சேர்ந்து யூனிட் 3 ரூபாய் 52 காசுக்கு வந்தது.

மூன்றாவது காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அனல்மின் நிலையத்துக்கு வாரியம் இரண்டாகப் பிரித்துப் பணம் கொடுக்கிறது. நிலையம் கட்டிய செலவு, கடன் வட்டி, லாபம் எல்லாம் நிலைக்கட்டணம். நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே அதைக் கொடுத்தாக வேண்டும், ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும். எரித்த நிலக்கரிக்கு மட்டும் தனிக் கட்டணம், அது ஏறினால் வாரியத்தின் தலையில், பிறகு நம் பில்லில். 2022-இல் உலகச் சந்தையில் நிலக்கரி விலை எகிறியபோது, 10 சதவீதம் இறக்குமதி நிலக்கரி கலக்கச் சொன்னது மத்திய அரசு. அந்தச் செலவு இப்படித்தான் இறங்கி வந்தது. கடன் கொடுத்த வங்கிக்கு எரிபொருள் விலை பற்றிய கவலை இல்லை.

ஆக, ஐந்து ரூபாய் அனல்மின்னில் இரண்டு ரூபாய் நிலைக்கட்டணம் என்றால், இரண்டரை ரூபாய் சோலார் வாங்கும் வாரியத்துக்கு மிச்சம் இரண்டரை ரூபாய் இல்லை. 50 காசுதான். நிலைக்கட்டணம் எப்படியும் போய்விட்டது. பழைய கையெழுத்து புதிய கையெழுத்தைத் தடுக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பீகாரில் 2025-இல் முடிவான ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். பாகல்பூர் மாவட்டம் பீர்பைந்தியில் 2,400 மெகாவாட் புது அனல்மின் நிலையம், அதானி பவர் கட்டுகிறது, 25 வருட ஒப்பந்தம், யூனிட் 6 ரூபாய் 7.5 காசு. அதில் நிலைக்கட்டணம் 4 ரூபாய் 16.5 காசு, நிலக்கரிக்கு 1 ரூபாய் 91 காசு. மாலை நேரத்துக்கு மின்சாரம் வேண்டும் என்ற பீகாரின் தேவை பொய்யில்லை. ஆனால் அந்த நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, 2032-இலோ 2033-இலோ, பாட்னாவில் ஒரு கோப்பு மேஜைக்கு வரும்: சோலார் இரண்டரை ரூபாய், வாங்கலாமா? அதிகாரி கணக்குப் போடுவார். சோலார் ஒரு யூனிட் எடுத்தால் மிச்சமாவது நிலக்கரிக்கான 1 ரூபாய் 91 காசு. நிலக்கரி விலை ஏறியிருந்தால் கொஞ்சம் கூடுதல். இல்லையென்றால், ஆறு ரூபாய் மின்சாரத்தை விட்டு இரண்டரை ரூபாய் மின்சாரம் வாங்குவதில் வாரியத்துக்கு யூனிட்டுக்கு 59 காசு நஷ்டம் என்று அந்தக் கோப்பில் எழுத வேண்டியிருக்கும்.